எழுபத்தைந்து சென்டிலிட்டர்

தப்பு யார் மேல் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அமெரிக்காக்காரன் இறக்குமதிக்கு வரி போட்டதுதான் காரணம் என்பான் ஒருவன். பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருக்கிற ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பேசத் தெரியவில்லை என்பான் இன்னொருவன். காப்பிக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு யாரைத் திட்டினால் என்ன, வாயா வலிக்கப் போகிறது? மிர்சினிக்கு மட்டும் அந்த வசதி இல்லை. தப்பு தன் மேல்தான் என்று அவளுக்குத் தெரியும். அது எந்த நாளில், எந்த அழைப்பில் நடந்தது என்பதுகூடத் தெரியும்.

அன்று ஈஸ்டர் திங்கட்கிழமை. முந்தின நாள் மிஞ்சிய ஆட்டுக்கறியை அடுப்பில் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். எங்கள் சோம்புச் சாராயமான ஊஸோவை அமெரிக்காவில் இறக்கி விற்கிற இக்னாட்டிஸ் நியூ ஜெர்சியிலிருந்து கூப்பிட்டான்.

“கிறிஸ்து உயிர்த்தார், கும்பாரா.”

“மெய்யாவே உயிர்த்தார், கும்பாரே. எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல். வரி வரப்போகுது, வரி வரப்போகுதுன்னு இங்க ஆளாளுக்குப் பைத்தியம் பிடிச்சு அலையறாங்க. நீ ஒண்ணு பண்ணு. ஒரு கன்டெய்னர் நிறைய ஊஸோ நிரப்பி வை. எல்லாம் எழுபத்தஞ்சு பாட்டில். வரி வர்றதுக்குள்ள கப்பல்ல ஏத்திடலாம்.”

“ஒரு கன்டெய்னர் முழுக்கவா? நீ எப்பவும் கால்வாசிதானே எடுப்பே?”

“முழுக்க. நான் எடுத்துக்கறேன், நீ நிரப்பு. ஆமா, என் பொண்ணு எப்படி இருக்கா? மாப்பிள்ளையா வரப்போறவன் ஒழுங்கா இருக்கானா, இல்ல வந்து காதைத் திருகணுமா?”

அவ்வளவுதான் பேச்சு. “என் பொண்ணு” என்று அவன் சொன்னது மிர்சினியின் மகள் மரியாந்தியை. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தொட்டியிலிருந்து எண்ணெய் வழிய வழியத் தூக்கி ஏந்தியவன் அவன்தான், ஞானத்தந்தை. அன்றைக்கு அந்தத் தண்ணீர் காய்வதற்குள் இரண்டு குடும்பமும் ஒன்றாகிவிட்டது. அவன் இவளுக்குக் கும்பாரே, இவள் அவனுக்குக் கும்பாரா. கூடப் பிறந்தவனிடம் சொத்துத் தகராறு வரலாம், கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். இப்படி உறவான கும்பாரோவிடம் எங்கள் ஊரில் குரலை உயர்த்தமாட்டார்கள். அவன் ஒன்று சொன்னால், எழுதிக் கொடு என்று கேட்கவும் மாட்டார்கள்.

மிர்சினி கேட்கவில்லை. பதினொரு குடும்பங்கள் பங்கு போட்டு நடத்துகிற அந்தச் சின்ன ஊஸோ ஆலையில் ஏற்றுமதிக் காகிதமெல்லாம் அவள் கையில்தான் இருந்தது. இருபது வருஷமாக அவன் தொலைபேசியில் சொல்வான், இவள் அனுப்புவாள், கையெழுத்துப் போட்ட ஆர்டர் கப்பல் ஏறுகிற வாரத்தில் சாவகாசமாக வந்து சேரும். இந்த முறையும் அப்படியே வரும் என்று பாட்டிலுக்கும் லேபிளுக்கும் மூடிக்கும் வங்கியில் கடன் வாங்கி, குளிர்காலம் முழுக்கக் காய்ச்சி வைத்திருந்ததை நிரப்பினார்கள். ஏதென்ஸ் கடைகளிலிருந்து கேட்டபோது இந்த வருஷம் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். அவர்களும் சரி என்று வேறு ஆலைக்குப் போய்விட்டார்கள்.

எழுபத்தைந்து என்றால் சென்டிலிட்டர். அமெரிக்காக்காரன் கைக்குப் பழகிய பாட்டில் அது. எழுபதுக்கும் அங்கே இப்போது அனுமதி உண்டு. ஆனால் பக்கத்தில் எழுபத்தைந்து நிற்கும்போது எழுபதை யார் எடுப்பான்? ஐரோப்பாவிலோ நேர்மாறு. இங்கே சாராய வகை எதுவானாலும் எழுபதில் விற்கலாம், ஐம்பதில் விற்கலாம், ஒரு லிட்டரில் விற்கலாம். எழுபத்தைந்தில் விற்கக் கூடாது, சட்டம். ஆக, கன்டெய்னருக்கென்று நிரப்பிய பன்னிரண்டாயிரம் பாட்டிலும் கடல் தாண்டினால்தான் சரக்கு. தாண்டாவிட்டால் அதில் ஒன்றை எடுத்து எதிர்த்த டவர்னா சாப்பாட்டுக்கடைக்குக்கூட விற்க முடியாது.

இதெல்லாம் மிர்சினிக்குத் தெரியாததா? போன வருஷம்தான் எங்கள் தீவின் தலைநகர் மித்திலினியில் ஓர் ஓட்டலில் கூட்டம் போட்டு, திறந்த வாணிபக் கொள்கை பற்றி அமைச்சகத்து ஆட்கள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஐரோப்பிய மதுவகைகள் உலகமெல்லாம் போகின்றன, கதவுகள் திறந்திருக்கின்றன, சின்ன உற்பத்தியாளர்கள் பயப்படாமல் வெளியே வரவேண்டும் என்றார்கள். இவளுக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். நம் கதவு திறந்திருக்கிறது, சரி, எதிர்வீட்டுக்காரன் தன் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன பண்ணுவது என்று அன்று ஒருத்தரும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது, ஆக்டோபஸ் போட்டார்கள்.

ஜூலையில் இக்னாட்டிஸ் மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை சௌக்கியம் கேட்கவில்லை.

“அனுப்பாதே, கும்பாரா.”

“எது?”

“எதையும். கப்பல் கிடைக்கறதுக்குள்ள வரி போட்டுட்டாங்க. எங்கிட்ட வாங்கற மூணு பேரும் கையை விரிச்சுட்டாங்க. போன தடவை அனுப்பினதே கிடங்குல தூங்குது. நீ இதையும் அனுப்பினா நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?”

“சரி,” என்றாள் மிர்சினி.

போனை வைத்துவிட்டு, மேஜை மேல் இருந்த லேபிள் கட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு வெளியே எடுத்து மறுபடி மேஜையிலேயே வைத்தாள். அன்றிலிருந்துதான் அவளுக்கு அப்படி ஆனது. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னாள்.

பங்குதாரர்கள் கூட்டம் ஆலையின் மாடியில் நடந்தது. தலைவர் பரஸ்கேவாஸ் கிழக்கட்டை. ஆனால் நியாயமான மனுஷன்.

“ஏம்மா மிர்சினி, காப்பீடு இருக்கில்ல? வாங்கறவன் பின்வாங்கினா நஷ்டத்தைக் குடுப்பாங்கன்னு வருஷா வருஷம் கட்டறோமே.”

“இருக்கு, தலைவரே. ஏதென்ஸ்ல கேட்டுட்டேன். அவன்தான் ஆர்டர் குடுத்தான்னு அவன் கையெழுத்தோட காகிதம் வேணுமாம். ஆகஸ்ட் கடைசிக்குள்ள.”

“காகிதம் எங்க?”

“இல்ல.”

“இல்லேன்னா?”

“வாய் வார்த்தைதான். ஈஸ்டருக்கு மறுநாள் போன்ல சொன்னான். கும்பாரோகிட்ட எழுதிக் குடுன்னு எப்படிக் கேக்கறது?”

‘படிச்சவ, இதுகூடத் தெரியாதா’ என்று கேட்க இரண்டு பேருக்காவது நாக்கு துறுதுறுத்திருக்கும். ஆனால் அந்த அறையில் இருந்த பதினொரு பேரில் ஒருத்தன்கூடத் தன் கும்பாரோவிடம் காகிதம் கேட்டிருக்க மாட்டான், அது அவர்களுக்கே தெரியும். பரஸ்கேவாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“இப்போ கேளு,” என்றார். “பண்டிகைக்கு வர்றானில்ல? நேர்ல போய்க் கேளு. இல்லேன்னா செப்டம்பர்ல வங்கிக்காரன் வந்து வாசல்ல பூட்டுப் போட்டுட்டுப் போவான். பதினோரு வீடு, கீழ வேலை செய்யற பதினாலு பேரு. உன்னையும் சேத்துத்தான்.”

“காப்பீட்டுக்காரன் நமக்குக் குடுத்துட்டு அவன்கிட்ட வசூல் பண்ணுவான், தலைவரே.”

“பண்ணுவான்.”

“அவன் கிடங்கு போயிடும்.”

“போகும்,” என்றார் பரஸ்கேவாஸ். “நான் என்னம்மா பண்றது?”

மிர்சினிக்குக் கிடங்கு மட்டும் இருந்தால் பரவாயில்லை. செப்டம்பர் கடைசி ஞாயிறு மரியாந்திக்குக் கல்யாணம். ஒரே ரிப்பனில் கட்டிய இரண்டு மெல்லிய கிரீடங்களை ஞானத்தந்தை கொண்டுவந்து, பீடத்துக்கு முன்னால் நின்று, பெண் தலையிலும் மாப்பிள்ளை தலையிலும் மூன்று தடவை மாற்றி மாற்றி வைக்கவேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் மிர்சினியின் புருஷன் செத்தபோது இக்னாட்டிஸ் அமெரிக்காவிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்து, விசும்பிக்கொண்டிருந்த மரியாந்தியின் தலையில் கை வைத்து, “உன் தலையில கிரீடம் வைக்கிற கை இதுதான். நான் செத்துக் கிடந்தாலும் எழுந்து வருவேன்” என்றான். அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டுதான் அப்பன் இல்லாத ஆறு வருஷத்தைத் தள்ளினாள்.

கூட்டத்துக்கு மறுநாளே பாட்டில்களைத் திறந்து ஊஸோவைத் திரும்பத் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தார்கள். சுங்க அதிகாரி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வரி கட்டாத சாராயம், ஒரு சொட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகக்கூடாது. பாட்டில் நிரப்பும் பகுதிக்குப் பொறுப்பான தூலா மூடியைத் திருகுவாள், மிர்சினி கவிழ்ப்பாள். கட்டிடம் முழுக்கச் சோம்பு வாசனை.

“மே மாசம் இதே கையால நிரப்பினேன்,” என்றாள் தூலா. “இப்போ இதே கையால கொட்டறேன். இதுக்கு ரெண்டு சம்பளம் உண்டா, அதிகாரி ஐயா?”

“நான் எண்ண மட்டும்தாம்மா வந்தேன்.”

“நல்லா எண்ணுங்க. தூக்கம் வந்தா சொல்லுங்க, பாடறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா, பேசாம ஒரு மடக்குக் குடியேன். மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு.”

“எனக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாதவ ஏன் காலி பாட்டிலைக் கவுத்துக்கிட்டு நிக்கறே?”

மிர்சினி கையைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாளோ. பாட்டிலை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மரியாந்தி தான் இருக்கும் வோலோஸ் நகரத்திலிருந்து தினம் சாயங்காலம் கூப்பிடுவாள். கவுனுக்குக் கை வைப்பதா வேண்டாமா, விருந்தில் இறால் போடுவதா வேண்டாமா என்று பேசுவாள். மிர்சினி கை வை என்பாள், இறால் போடு என்பாள். “ஞானப்பா எப்போ வர்றாரு? கிரீடம் வெள்ளியா, மெழுகுப் பூவான்னு கேட்டியா?” என்றால் மட்டும், “வரட்டும், கேக்கறேன்” என்று முடித்துவிடுவாள்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மாதா பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் இக்னாட்டிஸ் வந்து இறங்கினான். துறைமுகத்துக்கு மேலே அவன் அப்பன் விட்டுப்போன வீடு. மறுநாள் காலை மிர்சினி கைப்பையில் காகிதத்தை வைத்துக்கொண்டு ஏறிப் போனாள். மாத முடிவுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் இன்னும் ஒரு நாள் போனால் தன் கால் அந்தப் படி ஏறாது என்று அவளுக்குத் தோன்றியது, அதனால் போனாள்.

முற்றத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மத்தி மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு வரிசை மீன், ஒரு கை உப்பு.

“வா கும்பாரா. கிட்ட வராதே, கை பூரா உப்பு. ராத்திரிக்கு ஊறிடும், அத்தனையும் உனக்குத்தான்.”

அவள் உட்கார்ந்தாள். அவன் இளைத்திருந்தான், கன்னம் ஒட்டியிருந்தது.

“பையை ஏன் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கே? கல்யாணப் பத்திரிகையா?”

“இல்ல.”

“அப்ப சம்மன்தான்.”

சிரிக்கவேண்டிய இடம். அவளுக்கு முகம் அசையவில்லை. படியேறும்போது நாலு வாக்கியம் தயார் பண்ணியிருந்தாள். கடன், வங்கி, பதினாலு பேர், உன் மேல் எனக்கு வருத்தமில்லை என்று. அதெல்லாம் எங்கே போனதோ.

“கும்பாரே, எழுதிக் குடு,” என்றாள்.

அவன் கையிலிருந்த மீனை வரிசையில் வைத்தான். இன்னொன்றை வைத்தான். அந்த வரிசை முடிகிற வரைக்கும் நிமிரவில்லை. பிறகு குழாயடியில் கை கழுவி, துண்டில் துடைத்து, காகிதத்தை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தான்.

“ஈஸ்டர் திங்கள் அன்னிக்கு நான் ஆர்டர் குடுத்தேன்னு போட்டிருக்கு.”

“குடுத்தியே.”

“இல்லேன்னா சொன்னேன்?” காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். “இது போய்ச் சேர்ந்தா அவங்க என் மேல வருவாங்க. தெரியுமில்ல உனக்கு?”

“தெரியும்.”

“சரி, பேனா குடு.”

அவள் பையிலிருந்து சட்டென்று எடுத்து நீட்டினாள். அவ்வளவு சட்டென்று எடுத்திருக்க வேண்டாம் என்று நீட்டிய பிறகுதான் தோன்றியது. அவன் பேனாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முழங்கால் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

“இதைக் குடுக்கத்தான் வந்தேன், மிர்சினி,” என்றான். “பிளேன் ஏறும்போதே முடிவு பண்ணிட்டேன். மாதா பண்டிகை முடியட்டும், மறுநாள் நானே ஆலைக்கு வந்து எல்லார் முன்னாடியும் எழுதிக் குடுக்கணும்னு இருந்தேன். நீ மூணு நாள் பொறுத்திருக்கலாம்.”

அது நிஜமா, அந்த நிமிஷத்தில் அவன் கட்டிக்கொண்ட பேச்சா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. காப்பி போட எழுந்தவன் மாதிரி முக்காலியை விட்டு எழுந்தான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்ப உட்கார்ந்து உப்பை அள்ளினான். அவள் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

பண்டிகையன்று கோயிலில் அவன் எதிர்ப்பக்கம் நின்றான். தலையை அசைத்தான், இவளும் அசைத்தாள். மறுநாள் காலைக் கப்பலில் போய்விட்டான் என்று தூலா சொல்லித்தான் தெரிந்தது. அவன் சொன்ன மத்தி மீன் வரவில்லை.

காப்பீட்டுக்காரர்கள் பேசினபடி நடந்துகொண்டார்கள். வங்கிக்காரன் பூட்டோடு வரவில்லை. பரஸ்கேவாஸ் கண் கலங்க மிர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க வயித்துல பால வார்த்தே, தாயே” என்றார். காலியான பாட்டில்களை லாரியில் ஏற்றிக் கண்ணாடி உருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள், தொட்டியில் இருந்ததை எழுபதில் நிரப்ப ஆரம்பித்தார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். தனக்கும் சந்தோஷம் வரும் என்று மிர்சினி சில நாள் காத்துப் பார்த்தாள், பிறகு அந்த நினைப்பையே விட்டுவிட்டாள்.

“அம்மா, ஞானப்பா போனே எடுக்க மாட்டேங்கறாரு,” என்றாள் மரியாந்தி. “டிக்கெட் போட்டாச்சாமா?”

“வேலையா இருப்பாரு.”

“நீ பேசினியா?”

“பேசறேன்.”

அவள் பேசவில்லை. போனில் அவன் எண்ணை எடுப்பாள், பார்ப்பாள், வைத்துவிடுவாள். வா என்று கூப்பிட அவளுக்கு என்ன உரிமை மிச்சம் இருக்கிறது? வராதே என்று சொல்லவும் மனசு இல்லை. அப்படியே கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் மிச்சம் என்று ஆகிவிட்டது.

அன்று அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் லெமோனியா ஆள் அனுப்பியிருந்தாள். அமெரிக்காவிலிருந்து பார்சல், வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளவேண்டும். மிர்சினி போனாள். அதிகக் கனமில்லாத அட்டைப்பெட்டி. மேலே ஒட்டியிருந்த சுங்கப் படிவத்தில் இக்னாட்டிஸின் கையெழுத்து. பொருள்: திருமணக் கிரீடம், ஒரு ஜோடி.

அவள் அதைப் படித்துவிட்டு நின்றாள். ஆக, அவன் வரப்போவதில்லை.

“நல்ல சமாச்சாரம்தான் அக்கா, ஆனா ஒரு சிக்கல்,” என்றாள் லெமோனியா. “வரி கேக்குது. இங்க பாருங்க, ‘அன்பளிப்பு’ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல டிக் அடிச்சிருந்தா ஒண்ணுமே இல்ல. இவரு பக்கத்துக் கட்டத்துல அடிச்சிருக்காரு. ‘விற்பனைச் சரக்கு.’”

மிர்சினி பார்த்தாள். கட்டத்துக்குள் நேராக, அழுத்தமாக அடித்த டிக்.

“அவசரத்துல மாத்தி அடிச்சிருப்பாரு, பாவம்,” என்றாள் லெமோனியா. “ஞானத்தகப்பன் அனுப்பற கிரீடத்துக்கு யாராவது வரி கட்டுவாங்களா? நீங்க ஒரு போன் போடுங்க. அன்பளிப்புதான்னு ரெண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்க, போதும். நான் மாத்திடறேன்.”

“வேண்டாம்மா,” என்றாள் மிர்சினி.

“ஏன்க்கா, உங்க கும்பாரோதானே? கேட்டா எழுதிக் குடுக்க மாட்டாரா?”

“குடுப்பாரு. கேட்டா குடுப்பாரு.” மிர்சினி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “முப்பது வருஷமா சரக்கு இறக்கி ஏத்தறவரு, லெமோனியா. இந்தப் படிவத்துல அவரு தப்பா டிக் அடிக்க மாட்டாரு. எங்க கையெழுத்துப் போடணும்?”

லெமோனியா இடத்தைக் காட்டினாள். இறக்குமதி செய்பவர் என்று அச்சடித்திருந்த கோட்டில் மிர்சினி தன் பெயரை எழுதினாள். பிறகு வரி எவ்வளவு என்று கேட்டு, பணப்பையைத் திறந்தாள்.